வலப்பக்கம் இருந்தவர்கள்

அப்பு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு ஆரம்பிக்கும் பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. ஐந்து நாளைக்கு முன்பு ரெஜினாவின் அப்பா அச்சகத்துக்கு வந்தார். தானும் தன் மனைவியும் மட்டும் கல்யாணத்துக்கு வருவதாகவும், தன் ஆட்கள் ஒருவரும் வர மாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மண்டபத்தில் ஒரு பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் உன்னோடு மாலை மாற்ற வேண்டும். இதற்குக் காரணம் நீ செய்த பத்திரிகை. இல்லை, நான்தான். இல்லை, எல்லார் கையிலும் இருக்கிற செல்போன். ஒரு நேரம் ஒன்று சரியாகத் தோன்றுகிறது, செத்த நேரத்தில் அதுவே தப்பாகத் தெரிகிறது. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுகிறதா என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. உன் பத்திரிகை எந்தெந்த எண்ணுக்குப் போனதோ அத்தனைக்கும் இதுவும் போகும். நீ கோபப்படுவாய். ஊர் முன்னால் நடந்த தப்புக்கு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வருத்தப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அச்சகத்தில் இருபது வருசமாகக் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். பத்திரிகையில் பிள்ளையாரைப் போடுவதும் பூவைப் போடுவதும் பெரிய காரியமே இல்லை. பெயர் வரிசைதான் காரியம். சித்தப்பா பெயர் பெரியப்பா பெயருக்கு மேல் போய்விட்டது என்று அச்சடித்த ஆயிரம் பத்திரிகையையும் மேஜை மேல் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒரு தாய்மாமன் தன் பெயர் எழுத்து ஒரு புள்ளி சின்னதாக இருக்கிறது என்று ஸ்கேலை வைத்து அளந்தார். இந்தச் சண்டைக்கெல்லாம் அச்சகங்களில் ஒரே மருந்துதான் வைத்திருக்கிறோம். பக்கத்தை நடுவில் பிரித்து, மாப்பிள்ளை வீட்டார் இடது, பெண் வீட்டார் வலது என்று இரண்டு பத்தியாக நிறுத்திவிடுவோம். இந்தப் பக்கம் ஆறு பெயர் என்றால் அந்தப் பக்கமும் ஆறு. வரிக்கு வரி நேராக நிற்கும். யாரும் யாருக்கும் மேல் இல்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. கலப்புக் கல்யாணம் என்றால் இரண்டு வீட்டாரும் தனித்தனியாக வருவார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பத்திரிகை, அவர்கள் ஆட்களுக்கு ஒரு பத்திரிகை. தேதியும் மண்டபமும் ஒன்று. பெயர்கள் வேறு. "அம்மா, பொண்ணு ஊர் பேரத் தூக்கிட்டு திண்டுக்கல்னு போட்டுருங்க. தாத்தா பேரும் வேணாம், அதப் பார்த்தா தெரிஞ்சு போகும்" என்பார்கள். தூக்கிவிடுவேன். ஒரு விசையைத் தட்டினால் ஒரு ஊர் போய்விடும், இன்னொரு முறை தட்டினால் ஒரு தாத்தா போய்விடுவார். எத்தனை தாத்தாக்களை அழித்தேன் என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டேன், நீ வீட்டுப்பாடம் எழுதினாய். எனக்கு அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் நான் நல்லவள் மாதிரி ஆகிவிடும்.

நீ காலேஜ் இரண்டாம் வருசம் படிக்கும்போது ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தாய். என் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, "இங்க பாரும்மா" என்று ஜன்னலின் ஓரத்தை மவுஸால் பிடித்து உள்ளே தள்ளினாய். பக்கம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. எழுத்துகள் வெட்டுப்படவில்லை, இடம் மாறிக்கொண்டே வந்தன. மூன்றாக நின்ற பெட்டிகள் இரண்டாயின. இன்னும் தள்ளினாய், வலப்பக்கம் இருந்தது தொப்பென்று இறங்கி இடப்பக்கத்துக்குக் கீழே போய் நின்றது. நான் வாய் விட்டுச் சிரித்தேன். எங்கள் வேலையில் தாளின் அளவு முதலில், மற்றதெல்லாம் பிறகு. உன் வேலையில் தாளே ரப்பர். "ஒரே பக்கம்தான்மா. டிவில பார்த்தா அகலமா நிக்கும், லேப்டாப்ல கொஞ்சம் சுருங்கும், போன்ல ஒத்தையடிப் பாதை மாதிரி ஆயிரும். திரைக்குத் தக்கன தானா மாறிக்கும்" என்றாய். நான் ஒன்று கேட்டேன், உனக்கு நினைவிருக்கிறதா? "ஏன்டா, வலது பக்கம் இருக்கறதுதான் கீழ விழணுமா?" நீ தோளைக் குலுக்கினாய். "மொதல்ல எழுதுனது மேல நிக்கும். அம்புட்டுத்தான்." அது ஏதோ தொழில்நுட்பம் என்று விட்டுவிட்டேன்.

ரெஜினாவைப் பற்றி நீ சொன்னபோது நான் அழவில்லை, கத்தவில்லை. அதற்காக என்னைப் பெரிய மனுசி என்று நினைத்துக்கொண்டேன். உன் மாமா, என் அண்ணன் முருகேசன், முதலில் கேட்டது "கிறிஸ்தவப் பொண்ணா?" இரண்டாவதாகக் கேட்டது "எந்தத் தெரு?" முதல் கேள்விக்குப் பதில் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. இரண்டாவதற்கு மாறியது. இங்கே பல பேர் மதம்தான் தடை என்று சொல்லிக்கொள்வார்கள். கேட்க நாகரிகமாக இருக்கும். தெருவைச் சொல்லக் கூச்சம். இரண்டு வருசம் இழுத்தது. உன் அப்பா போன பிறகு நமக்கு முன் நின்று எல்லாம் செய்தவர் மாமா, அவரில்லாமல் முடியாது என்று நீயே சொன்னாய். ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொண்டபிறகு ரெஜினாவின் அப்பா ஆரோக்கியசாமி நம் வீட்டுக்கு வந்தார். கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்குகிற வேலை, முப்பது வருசம். உள்ளங்கை காய்ப்பு ஏறி, டம்ளரைப் பிடிக்கும்போது சத்தம் கேட்கும். அவர் நகை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார். "சம்பந்தியம்மா, ரெண்டு பத்திரிக வேண்டாம். எங்க அக்கா மக கல்யாணத்துல அப்படித்தான் ரெண்டு அடிச்சாக. மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகைல எங்க ஊரே இல்ல. ஒண்ணே ஒண்ணு அடிப்போம். உங்க பேரும் எங்க பேரும் பக்கத்துப் பக்கத்துல நிக்கட்டும்." எந்த அச்சகத்தில் அந்தப் பத்திரிகை அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நீதான் அன்றைக்கு அந்த யோசனையைச் சொன்னாய். தாளே வேண்டாம், எல்லாருக்கும் ஒரு லிங்க் அனுப்பலாம், ஒரே பத்திரிகை, யாரும் யாருக்கும் வேறு ஒன்று அடிக்க முடியாது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அடுத்த வாரம் லேப்டாப்பைக் கொண்டுவந்து நம் பிளாஸ்டிக் மேஜையில் வைத்துக் காட்டினாய். இடது பதின்மூன்று பெயர், வலது பதின்மூன்று பெயர். அவர் விரலைத் திரையில் வைத்து வரி வரியாக நகர்த்தினார். என் பெயருக்கு நேரே அவர் பெயர். உன் மாமாவுக்கு நேரே அவர் அக்கா. "நல்லா இருக்கு மாப்ள" என்றார். அன்றைக்குத்தான் உன்னை முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டார்.

இப்போது என் பங்கு. லிங்க்கை எல்லாருக்கும் அனுப்புவதற்கு முதல் நாள், பிழை இருக்கிறதா பார் என்று எனக்கு அனுப்பினாய். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். உங்கள் இருவர் பெயருக்குக் கீழே முதல் பெயராக என் பெயர் இருந்தது. பெரிய எழுத்து. தனியாக. புருசன் இல்லாதவள் பெயரைப் பத்திரிகையில் எங்கே போடுவது என்று என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள், நானே கடைசி வரியில் போட்டிருக்கிறேன், சில சமயம் போடாமலும் விட்டிருக்கிறேன். உன் மாமா பெயர்தான் முதலில் வரும் என்று நினைத்திருந்தேன். நீ என்னைக் கேட்காமலே என்னை மேலே வைத்திருந்தாய். சோறு ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் அப்பு. பக்கத்து சீட்டில் டைப் அடிக்கும் செல்விக்குக் காட்டினேன். "அக்கா, ஸ்கிரீன் பூரா நீங்கதான்!" என்றாள்.

பிறகுதான் கீழே தள்ளினேன். என் பெயர், மாமா, அத்தை, சித்தப்பா என்று நம் வீட்டுப் பதின்மூன்று பேரும் ஒருவர் கீழ் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். அது முடிந்த இடத்தில் 'மேலும் காண' என்று ஒரு சின்னப் பட்டன். அதை அமுக்கினால்தான் பெண் வீட்டார் என்று விரிந்தது. போனில் பக்கம் ரொம்ப நீளமாகப் போனால் பாதியை மடித்து வைப்பது உங்கள் ஆபீசில் பழக்கம் என்று பிறகு சொன்னாய். எனக்கு அந்த நிமிசமே விசயம் புரிந்தது. இருபது வருசமாகப் பெயர் வரிசை பார்க்கிறவள், எனக்குப் புரியாதா? உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் 'பிழை இல்லை' என்று பதில் அனுப்பினேன்.

ஏன் அனுப்பினேன்? ஐந்து நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னால் நீ எதையாவது மாற்றுவாய், மாற்றினால் என் பெயர் அந்த இடத்தில் நிற்காமல் போகலாம் என்கிற ஆசையாலா? அப்படித்தான் என்றால் என்னை நானே மன்னித்துக்கொள்ள முடிகிறது. அல்லது பெண் வீட்டுப் பதின்மூன்று பேரும் ஒரு பட்டனுக்குள் அடங்கிவிட்டால் மாமா வீட்டில் பேச்சு வராது என்று உள்ளே ஒரு நிம்மதி வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். எது முதலில் வந்தது, எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

லிங்க் போன அன்று சாயங்காலமே மாமா போன் செய்தார். "தங்கச்சி, ஒம் மகன் வெவரமானவன்தான். நாங்கூட என்னமோன்னு பயந்தேன். நம்ம பேரு மட்டும் பளிச்சுனு இருக்கு. அவுக பேரையும் போட்ட மாதிரி ஆச்சு, போடாத மாதிரியும் ஆச்சு." நான் "ம்" என்றேன். நம் சொந்தத்தில் யாருமே அந்தப் பட்டனை அமுக்கவில்லை. அமுக்கியவர்களும் வெளியே சொல்லவில்லை.

நாலாம் நாள் ஆரோக்கியசாமி அச்சகத்துக்கு வந்தார். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். அவருடைய போன் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை, ஓரத்தில் கண்ணாடி விரிசல், கண் சரியாகத் தெரியாததால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். அதைக் கவுண்டரில் வைத்து, "இதுல எப்படித் தெரியுதோ அப்படியே ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்கம்மா" என்றார். சம்பந்தியம்மா என்று சொல்லவில்லை. அந்தத் திரையில் உங்கள் பெயரும் என் பெயரும் தவிர வேறெதுவும் கொள்ளவில்லை.

"அண்ணே, கீழ தள்ளுனா உங்க பேரு வரும்" என்றேன்.

"தள்ளித் தள்ளி விரல் தேஞ்சு போச்சு. வரலையே."

"கடைசில ஒரு பட்டன் இருக்கு. அத அமுக்கணும்."

அவர் அமுக்கவில்லை. "பட்டன அமுக்குனாத்தான் நான் வருவேன்னா, அமுக்காதவன் கணக்குல நான் யாரும்மா?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. செல்வி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். "எங்க அக்கா அவ போன்ல பார்த்துட்டு, ஏலே, ஒம் பேர லேப்டாப்புலதான் போட்டிருக்காக போலயே, நம்ம தெருவுல யாருகிட்ட லேப்டாப் இருக்குன்னு கேட்டுச் சிரிக்கிறா. அவ சிரிச்சதத் தாங்க முடியல. பெத்தவன், நான் வராம இருக்க முடியாது. எங்க ஆளுகள வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல."

உன்னைக் கூப்பிட்டேன். நீ பதறினாய், உண்மையாகவே பதறினாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என்ன சொன்னாய்? "அம்மா, நான் வேணும்னு செய்யல. அகலம் பத்தலன்னா வலது பக்கம் தானா கீழ போயிரும்." அந்த 'தானா' என்ற வார்த்தை என்னைக் கொளுத்திவிட்டது. இந்த ஜில்லாவில் எது தானாக நடக்கவில்லை? ரோடு ஒரு தெரு வரைக்கும் வந்து தானாக நின்றுவிடும். தண்ணீர்க் குழாய் கடைசித் தெருவுக்குப் போகும்போது தானாக மெலிந்துவிடும். சுடுகாடு தானாக இரண்டாகிவிடும். நான் தாத்தாக்களை அழித்ததும் அப்படித்தான், கஸ்டமர் சொன்னார், கை தானாகத் தட்டியது. முதலில் எழுதியது மேலே நிற்கும் என்றாயே, யார் முதலில் என்று எழுதியது உன் விரல்தானே? பக்கம் நீளமாகிறது, எதை மடித்து வைக்கலாம் என்று வந்தபோது எந்தப் பாதியை மடித்தாய்? நீ யோசித்துச் செய்திருந்தால்கூட உன்னோடு சண்டை போட்டிருப்பேன். யோசிக்காமலே சரியாக அந்தப் பாதியை மடித்தாய் பார், அதோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் என் சமையற்கட்டில் வந்து நிற்கிறது.

இன்னொன்று. நீ அவருக்கு லேப்டாப்பில் காட்டினாய். பார்க்கப் போகிறவர்கள் அத்தனை பேரும் போனில் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும், அதுதான் உன் தொழில். அவர் கையில் என்ன போன் இருக்கிறது என்று ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கலாம். இனிமேல் யாருக்கு எதைச் செய்தாலும், அவர்களில் ரொம்பச் சின்ன போன் யாருடையதோ அதை வாங்கி முதலில் அதில் பார். ஒரு தாயாகச் சொல்கிறேனா, அச்சகக்காரியாகச் சொல்கிறேனா, தெரியாது. சொல்கிறேன்.

பிறகு இரண்டு நாள் நீ தூங்காமல் மாற்றி மாற்றிச் செய்தாய். முதலில் போனிலும் இரண்டு பத்தியாகவே நிறுத்தினாய். எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது, அவர் எழுத்தைப் பெரிதாக்கிய போனில் ஒவ்வொரு பெயரும் நான்கு துண்டாக உடைந்து தொங்கியது. அடுத்து, நம் பெயர் ஒன்று அவர்கள் பெயர் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினாய். மாமா ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். "ஏத்தா, அந்த லைன்மேன் பேருக்குக் கீழயா எம் பேரு?" "பக்கத்துல இருந்ததுதாண்ணே, போன்ல இடமில்ல" என்றேன். "இடமில்லன்னா அவனத்தான் எறக்கணும், என்னையா எறக்குவீக?" என்றார்.

எனக்கு வெறுத்துவிட்டது. உன்னிடம் சொன்னேன், அவர்கள் பெயரை முதலில் எழுது, நம்முடையதைப் பட்டனுக்குள் போடு என்று. என் பெயரையும்தான். மாமாவிடமும் நானே சொன்னேன். "அப்ப தாய்மாமன் சீரையும் அவுகளயே செய்யச் சொல்லு" என்று வைத்துவிட்டார். இதுவரை எடுக்கவில்லை. சரி, ஒரு பக்கமாவது நியாயம் செய்துவிட்டேன் என்று நினைத்து ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தேன். அவர் சந்தோசப்படவில்லை.

"மேல வேணாம்மா" என்றார். "நான் மேல எப்பக் கேட்டேன்? பக்கத்துலதான கேட்டேன்."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மேலே கீழே என்றால் செய்துவிடலாம். பக்கத்தில் என்று அவர் கேட்கிறார். அந்தச் சின்னத் திரையில் மேலும் கீழும்தான் இருக்கிறது, பக்கம் என்று ஒன்று கிடையாது. உன்னையே கேட்டேன், அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று. "இல்லம்மா" என்றாய். நீ உண்மையைச் சொன்னாய். அப்போதுதான் எனக்கு இன்னொரு உண்மை தட்டுப்பட்டது, அது உன் பக்கத்தில் இல்லை, என் பக்கத்தில்.

அவர் நம் வீட்டுக்கு நான்கு தடவை வந்திருக்கிறார். அவர் மனைவி இரண்டு தடவை. நாம் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. கல்யாணம் என்றால் பத்திரிகையைக் கையில் கொண்டுபோய், வாசலில் நின்று, வாங்க என்று வாயால் கூப்பிட வேண்டும். நம் சொந்தத்துக்கு மாமாவும் அத்தையும் லிங்க் அனுப்பின பிறகும் வீடு வீடாகப் போனார்கள். அந்தப் பதின்மூன்று பேருக்கு? பெண் வீட்டார் அவர்கள் ஆட்களை அவர்களே கூப்பிட்டுக்கொள்வார்கள் என்றார்கள். ஆனால் மாமா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை மாமா வரைக்கும் நாம்தான் போய்க் கூப்பிட்டோம், நினைவிருக்கிறதா? நான் அதை எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சாக்கு தயாராக இருந்தது. தாலி இல்லாதவள் பத்திரிகை வைக்கப் போகக் கூடாது. இந்தச் சாக்கை யார் எனக்கு எதிராகச் சொன்னாலும் கிழித்துப் போட்டிருப்பேன். அன்றைக்கு அதை நானே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நீ லிங்க் என்று சொன்னபோது எல்லாரையும் விட எனக்குத்தான் அதிகச் சந்தோசம் என்று இப்போது தெரிகிறது. அந்தத் தெருவுக்குள் போக வேண்டியதில்லை.

நேற்று அரைநாள் லீவு போட்டேன். அச்சகத்தில் ஒரு தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, இடது பதின்மூன்று, வலது பதின்மூன்று என்று நானே அடுக்கினேன். ஊர் பெயர், தாத்தா பெயர் எல்லாம் போட்டேன். இருபது பிரதி எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கு, சேவுகம்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். இறங்கி நடந்தேன். பெரிய வேலை செய்யப் போகிறோம் என்கிற நினைப்பு எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. முதல் வீட்டிலேயே அது இறங்கிவிட்டது.

முதல் வீடு ஆரோக்கியசாமியின் அக்கா வீடு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, மாப்ள ஆத்தாளா? லிங்குதான் வந்துச்சே, இன்னும் என்ன?"

"வாங்கன்னு நேர்ல சொல்ல வந்தேன்."

"அன்னைக்கே வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கணும்" என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டுத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க அய்யா பேரப் போட்டிருக்கீக. அவரு செத்துப் பதினெட்டு வருசம் ஆச்சு" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்றார்.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர். "உங்க அண்ணன் வருவாரா?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். "வருவாருன்னு பொய் சொல்லாம சொன்னீகளே, அது போதும்" என்றார். அது போதுமா? எதற்குப் போதும்? கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது வீட்டின் கதவைத் தட்டப் போனபோது எதிர்த் திண்டில் உட்கார்ந்திருந்த இளவட்டம் ஒருவன், "அத்தே, தட்டுனா தெறக்காது. 'மேலும் காண' அமுக்குங்க" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அந்த வீட்டுக்காரப் பெண் மட்டும் சிரிக்காமல் தாளை வாங்கிக்கொண்டாள்.

நாலாவது வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன், டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வெளியே நான் நிற்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை தட்டினால் அது உரிமையா, தொந்தரவா? தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனால், அது லிங்க் அனுப்புவதிலிருந்து எப்படி வேறு? திறக்காமல் இருக்க அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. திறந்தே ஆக வேண்டும் என்று நினைக்க எனக்கு என்ன இருக்கிறது? எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று திரும்பி வந்தேன். பஸ்ஸுக்காகத்தான் வந்தேனா என்றால் அதுவும் நிச்சயமில்லை.

ஆரோக்கியசாமியைக் கழித்தால், அந்த நாலாவது வீடு போக இன்னும் எட்டு வீடு இருக்கிறது. அந்த வலைப்பக்கத்தை நீ என்ன செய்கிறாய் என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். மேலே வை, கீழே வை, எடுத்தே விடு. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானமே நீ வேலை பார்க்கிற ஊரிலிருந்து கிளம்பி வந்துவிடு, கல்யாணத்துக்கு முதல் நாள் வருகிற கதையெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை காலையில் நீயும் நானும் அந்த நாலாவது வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம். கதவு திறந்தால் வாயைத் திறந்து என்ன சொல்வது, திறக்காவிட்டால் எவ்வளவு நேரம் நிற்பது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வா. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உன் அம்மா